கழுத்து

கோணம் தொழிற்பேட்டை, எட்டாம் எண் கொட்டகை.
இழுவைப் பொறியின் இரண்டு தாடைக்கும் நடுவே
பதினெட்டு மில்லிமீட்டர் தடிமனில் மஞ்சள் வடம்.
கிளீட்டஸ் பம்பை அமுக்குகிறான்.
முப்பது கிலோநியூட்டன். முப்பத்தைந்து.
உள்ளே நூல்கள் பல்லைக் கடிக்கும் ஓசை.
நாற்பத்தொன்றில் அறுந்தது.

எங்கே என்று கேட்க வேண்டியதில்லை.
ஒன்பதாவது முறையும் அதே இடம்,
பிசின் வார்த்த கிண்ணத்தை விட்டு
வடம் வெளியே வரும் நாலு விரற்கடை.
நாங்கள் அதைக் கழுத்து என்போம்.

இரும்பே போடலாமே என்றார்கள்,
கணக்குப் பார்க்காதவர்கள்.
மூவாயிரம் மீட்டர் இரும்பு
தன்னைச் சுமக்கவே பெரும்பலத்தைத் தின்றுவிடும்,
வண்டிக்கு என்ன மிஞ்சும்?
ஆகவே அராமிட். தண்ணீரில் எடை இல்லாத மாதிரி.
உள்ளடுக்கு வலஞ்சுழி, வெளியடுக்கு இடஞ்சுழி.
ஒன்று அவிழப் பார்த்தால் மற்றது விடாது;
இல்லையென்றால் கீழே வண்டி
கொடைக்கு வந்த ராட்டினம்போலச் சுற்றும்.
எல்லாவற்றுக்கும் உள்ளே செம்பு,
செம்புக்கும் உள்ளே
தலைமுடிக் கனத்தில் ஒரு கண்ணாடி இழை.
நூற்றில் ஒரு பங்கு நீண்டால் போதும், அது குருடு.
இத்தனை நூலும் அதற்குக் காவல்.

டீக்கடையில் தொங்கிய மட்டிக் குலையின்
தடித்துத் தொடங்கி இளைத்துப் போகும் காம்பைப் பார்த்து
எனக்கு வழி தெரிந்தது என்று எழுதினால் அழகாயிருக்கும்.
ஒரு ஜெர்மன் கம்பெனியின் விலைப்பட்டியலில் பார்த்தோம்.
விலையைப் பார்த்துவிட்டு
நாங்களே ரப்பர் வார்த்தோம்,
அடி பருத்து, நுனி மெலிந்து.
பதினான்காவது இழுப்பு. அறுபத்து மூன்று.
நட்டநடுவில் அறுந்தது!
கிளீட்டஸ் ஓடிப்போய்ப் பழம்பொரி வாங்கி வந்தான்.

தேங்காப்பட்டணத்திலிருந்து சேசடிமை அண்ணனின் போட்டில்
இரண்டு ராத்திரி மேற்கே.
வடத்தைத் தொட்டிக்குள் அமிழ்த்தித் தூக்கிப் பார்த்தார்.
"கனமே இல்லியே பிள்ளே, இத நம்பலாமா?
எத்தன பாகம் இறக்கப்போற?"
ஆயிரத்து நூறு மீட்டர் என்றேன்.
"அறுநூறு பாகம்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

போட் ஏறினால் வடம் விறைக்கும்,
இறங்கினால் தொய்யும்.
விறைப்புக்கு நான் பயந்ததில்லை.
தொய்வுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில்
ஓர் அரை நொடி இருக்கிறது,
அதில் யாரும் மூச்சுவிடுவதில்லை.
மானியில் எண் பதினேழுக்குத் தாவும்,
நாலுக்கு விழும், தாவும்.

பிறகு திரையில் தரை.
சேறு. வெள்ளைப் பொடியாக ஏதோ
விழுந்துகொண்டே இருந்தது.
ஒரு நண்டு வெளிச்சத்துக்கு முகம் திருப்பியது.
அதற்கப்பால் நெளிந்து கிடந்தது ஒரு நைலான் சரடு,
கிளைச் சரடுகள், துருவேறிய சூரைத் தூண்டில்.
"நம்ம ஆளுவளுக்க சாமானாக்கும் அது,
கெட்டப் பாத்தாலே தெரியும்.
கொஞ்சம் அந்தத் தலைக்கு விடு."

விட்டேன். சரடு நெடுக ஒரு கீறலும் இல்லை.
முடிச்சுக்கு நாலு விரற்கடை முன்னால்
அறுந்திருந்தது.
அவர் என்னைப் பார்த்தார். கிளீட்டஸ் திரையைப் பார்த்தான்.

வண்டி மேலே ஏறியபோது விடியவில்லை.
விளக்கையோ கேமராவையோ அவர் கண்டுகொள்ளவில்லை.
குனிந்து,
ஈரம் சொட்டும் ரப்பர்க் கழுத்தை
கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கினார்,
பிறகு இன்னொரு முறை,
கொஞ்சம் பலமாக.