பத்துப் பத்தாக எண்ணும் மேடை

காவேரிப்பட்டணத்தில் எடைமேடை வைத்திருக்கிறேன்.
ஜூன் பாதியில் தொடங்கி ஜூலை பாதி வரை
தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள்
மாங்கூழ் ஆலைக்குப் போகிற வழியெல்லாம் நிற்கும்.
உலகம் புல்லின் மேல் டென்னிஸ் ஆடுவதும்
ஏறக்குறைய அதே ஐந்து வாரம்தான்.
ஆகவே வே. கெஜலட்சுமியின் கணக்கு முழுவதும்
எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில்
என் கையெழுத்தில் கிடக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்.
தொண்ணூற்றிரண்டு, தருமபுரி.
(அப்போது நாங்களும் தருமபுரி மாவட்டம்.)
சுண்ணாம்புக் கோடு போட்ட செம்மண் தரை.
6–4, 7–5.
ஜெயித்தது நான்.
இதுவரை எந்த நிருபரும் என்னைக் கேட்டதில்லை.

தொண்ணூற்றாறு. தகுதிச் சுற்று.
போனில் அவள் குரல் விட்டுவிட்டு வந்தது:
"பந்து எழும்பவே மாட்டேங்குது அமரா,
கணுக்காலுக்குக் கீழே வழுக்கிட்டுப் போகுது."
சீட்டில்: 2–6, 1–6, தோல்வி.
திருப்பினால்: செந்தூரா, 4,310 கிலோ.

அதற்கப்புறம் குனியக் கற்றுக்கொண்டாள்.
மூன்று வருடம் அதை மட்டும்.
பிறகு சர்வீஸ் போட்ட கையோடு
வலைக்கு ஓட ஆரம்பித்தாள்.
பந்து தரையில் விழுவதற்குள்
வாங்கி, வெட்டி, வைத்துவிடுவாள்.
எதிராளி பார்க்கும்போது
புள்ளி முடிந்திருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்று, இறுதி ஆட்டம், தோல்வி.
இரண்டு, வெற்றி.
மூன்று, வெற்றி.
அன்று மூன்று லாரிகளை எடை போடாமலே விட்டுவிட்டேன்.
மண்டிக்காரர் கத்தியதை எழுதினால் தாள் கிழியும்.

எல்லோரும் கோப்பையைப் பார்ப்பார்கள்.
நான் பின்கோட்டைப் பார்ப்பேன்.
முதல் திங்கட்கிழமை
கத்தரித்துவிட்ட பச்சை.
இரண்டாம் வாரம் முடிவதற்குள்
பின்கோட்டருகே புல் மிதிபட்டுச் செத்து
பழுப்பு மண் பல்லைக் காட்டும்.
புல்தரைப் பட்டம் என்கிறார்கள்,
கடைசி ஆட்டம் நடப்பது மண்ணில்.
பந்து அங்கே எப்படி வேண்டுமானாலும் திரும்பும்.
மற்றவர்கள் திணறினார்கள்.
இவள்தான் பந்தைத் தரைக்கு விடுவதே இல்லையே.
சீட்டுகளை அடுக்கிப் பாருங்கள்:
முதல் வாரம் 9–7, 8–6 என்று இழுபறி.
புல் தேயத் தேய 6–2, 6–1.

நான்கில் மாவட்டத்தைப் பிரித்தார்கள்.
அதே வருடம் அவள் முழங்காலையும் பிரித்தார்கள்.
ஐந்தில் சீட்டு இல்லை.
ஆறில், நொண்டிக்கொண்டே, இன்னொரு கோப்பை.

ஒன்பது. முதல் சுற்று. முதல் நாள்.
புல் ஈரம் மாறாமல் இருந்தது.
எட்டிப் போன கால் வரவில்லை.
டிவிக்காரன் அதை ஐந்து முறை காட்டினான்.
ஐந்து முறையும் நான் எழுந்து நின்றேன்.
வெளியே ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த ஜூலையே வந்துவிட்டாள்.
பதினான்கு வருடத்தில் முதல்முறையாக
சீசன் நேரத்தில் ஊரில்.
அறுத்து வைத்த மல்கோவாவை
நின்றபடியே தின்றாள்.
முழங்கை வரை சாறு.
பிறகு ராக்கெட் பையோடு மேடையில் ஏறி,
"எவ்வளவு காட்டுது?" என்றாள்.
60.
பையை இறக்கி வைத்தாள்.
60.
"லாரிக்குப் போட்டது கெஜா,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்."

சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.
"அந்தக் கல்லு எவ்வளவு இருந்திருக்கும்?"

எந்தக் கல் என்று நான் கேட்கவில்லை.
தொண்ணூற்றிரண்டில்
5–5, இரண்டாவது செட், அவள் சர்வீஸ்.
என் பந்து ஒரு சல்லியில் பட்டு
அவள் ராக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது.
மேலே சொன்னபோது
அதை விட்டுவிட்டேன்.

"மேடையில விழாது" என்றேன்.

பின்னால் ஒரு டிராக்டர் ஏறக் காத்திருந்தது.
அவள் இறங்கினாள்,
நல்ல காலை முதலில் வைத்து.