ஜி பொத்தானுக்குக் கீழே

வெள்ளவத்தை, மெரைன் டிரைவ், ஆறு மாடி.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
கரண்ட் போய் லிப்ட் நின்றுவிட்டது.
உள்ளே நான், இம்தாத்,
அவன் கையில் ஒரு றாத்தல் பாண், இன்னும் சூடு.

இம்தாத் அழப் பார்த்தான்.
(இல்லை என்பான். அழப் பார்த்தான்.)
"லிப்ட் நிக்கேல்லை, இறங்குது" என்றேன்.
"ஜிக்குக் கீழ பொத்தான் இல்லையே?"
"இப்ப இருக்கு. அமத்து."

இருட்டில் எங்கேயோ அமத்தினான்.

முதலில் தண்டவாளம் தலைக்கு மேலே போனது.
பிறகு கண்டத்திட்டு,
கரையோடு ஒட்டிய பெரிய மேசை மாதிரி.
அறுபது மாடி, அறுபத்தைந்து.
மேசை விளிம்பு.
அதற்கப்பால் சரிவு, சரிவு, சரிவு.
பச்சை போய், நீலம் போய்,
முந்நூற்று முப்பத்து மூன்றாம் மாடியில்
வெளிச்சம் மொத்தமாகத் தீர்ந்தது.

சரிவை வெட்டிக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கு.
கத்தி இல்லை, சேறுதான்:
திடீர் திடீரென்று சறுக்கி ஓடி
பாறையை அறுத்திருக்கிறது.

ஆயிரத்து முந்நூறாம் மாடி.
தரை!
காலிமுகத்திடலை ஆயிரம் தரம் விரித்தாலும்
மூட முடியாத சமவெளி.
பட்டம் இல்லை. இறால் வடை இல்லை.
மேலேயிருந்து செத்த சிற்றுயிர்களின் ஓடுகள்
பொடியாய் விழுந்தபடி.
"ஆர் கூட்டுறது?"
ஒருத்தரும் இல்லை. ஆயிரம் வருசத்துக்கு
ஒரு விரல் தடிப்பில் ஏறும்.

இன்னும் தெற்கே கருகின உருளைக்கிழங்கு மாதிரிக் கட்டிகள்.
ஒன்றை உடைத்தால் நடுவில் சுறாப்பல் இருக்கலாம்.
அதைச் சுற்றி உலோகம், பத்து லட்சம் வருசத்துக்கு
ஒரு சில மில்லிமீற்றர்.
இம்தாத் ஒன்றைச் சட்டைப்பைக்குள் போட்டான்.
பீதுருதலாகலையைவிட உயரமாய் ஒரு மலை,
உச்சிகூட மழையில் நனைந்ததில்லை,
கடலில் மட்டும்தான்.

மேற்கே, வெகு தூரத்தில், தரை பிளந்து
சுடுபாறை கசிந்து புதுத்தரை ஆகிறது.
நகம் வளர்கிற வேகம்.
எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாது.
கடலடியில் யார் வெட்டுவது?
கிழக்கே, சுமாத்திராப் பக்கம்,
பழைய தரை மடிந்து அகழிக்குள் இறங்குகிறது.
ஒருநாள் அங்கேதான் தரை துள்ளியது,
நாங்கள் பிறக்க முதல்.
அம்மா அதைப் பற்றிக் கதைக்கமாட்டா.
அந்த மாடியில் நான் கதவைத் திறக்கவில்லை.

"அங்க பூதம் இருக்கா?"
"இல்லை. பாறைதான்."
"பாறையே காணும்" என்றான். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு.

கரண்ட் வந்தது. லிப்ட் ஒரு குலுங்கு குலுங்கி
நாலாம் மாடிக்கு ஏறியது.
கதவடியில் அவன் உம்மா, டோர்ச்சும் கையுமாக.
பாணை வாங்கித் திருப்பிப் பார்த்தா.

நட்ட நடுவில் ஆழமாய் ஒரு அகழி.
யார் தோண்டியது என்று
அந்த இருட்டில் எங்களுக்கு
எப்படித் தெரியும்?