பத்துக்கு மேல் எண்ணாதே

மோல்மேனில் மழை தகரத்தில் இறங்கினால்
பேசுகிறவருக்கே தன் பேச்சு கேட்காது.
கத்தித்தான் சொன்னேன்:
இதோ, இவர் மயங்கி விழுந்துவிட்டார்.

இவர் என்பது
பழைய கைலிக்குள் உமியும் கந்தலும் திணித்த உடம்பு,
தலைக்குக் காற்றுப் போன பந்து,
நெஞ்சுக்குள் ஒரு காலித் தண்ணீர்ப் போத்தல்;
ஒழுங்காய் அமுக்கினால் டக் என்னும்.
பேர் தெரியாத ஆளை எப்படிக் கூப்பிட்டு எழுப்புவது என்று
இரண்டாம் வரிசையிலிருந்து நியாயம் கேட்டார்கள்.
வயதானவராய்த் தெரிந்ததால் மரியாதைக்கு ஊ சேர்த்து
ஊ போத்தல் என்று வைத்தார்கள்.

ஊ போத்தல்! ஊ போத்தல்!
தோளைத் தட்டினாள் பூங்காவனம்
(அரசுப் பள்ளிக்கூடத்தில் அவள் மா தீரி மோ).
கன்னத்துத் தனக்கா அவர்மேல் உதிர
மூக்கருகே காதை வைத்தாள்.
"மழதான் கேக்குது அக்கா."
நெஞ்சைப் பார். ஏறி இறங்குதா?
"இல்ல."

அடுத்து யாரைக் கூப்பிடுவாய்?
என் கையேட்டில் அந்த இடத்தில் ஓர் எண் இருந்தது,
வேறு ஏதோ நாட்டு எண்.
எங்கள் சங்கத்து வேனும் வேறு நாட்டிலிருந்து வந்ததுதான்.
விலாவில் இன்னும் அழியாத ஜப்பான் எழுத்து;
அங்கே அது பாலர் பள்ளி வண்டியாய் ஓடியதாம்.
நான் யோசிக்கையில் ஏழுமலை எழுந்தான்:
"டீக்கடைக்கு ஓடுவேன்.
அங்க எப்பவும் நாப்பது பேரு, பத்து போனு."
அந்த எண்ணை அடித்துவிட்டு எழுதிக்கொண்டேன்,
டீக்கடை.

பிறகு கைகள்.
உள்ளங்கையின் அடி, நெஞ்சின் நடு,
முழங்கை மடங்கக் கூடாது.
முப்பது வரை எண்ணுங்கள் என்றேன், அதுதான் என் தப்பு.
பத்து வரை ரயில் மாதிரி போனார்கள்.
பதினேழில் மூச்சு வாங்கியது.
இருபத்தேழு என்று வாய் சொல்லி முடிக்கும்வரை
கை காத்திருந்தது,
ஊ போத்தலின் மூளையும் காத்திருந்தது.
களத்து நெல்லை லாபம் என்று தொடங்கி
நிதானமாய் மரக்காலில் அளந்த மொழி;
நிமிடத்துக்கு நூறு வேண்டும் என்று
யார் போய் அதனிடம் கேட்டது?
சிலர் பர்மியத்துக்குத் தாவினார்கள்.
ஒரே நெஞ்சின் மேல் இரண்டு கணக்கு, கைகள் மோதின.

"பத்தோட நிறுத்தி மறுபடி ஒண்ணுலேர்ந்து
ஆரம்பிச்சா என்ன?" என்றாள் சந்தனம்.
ஏழு வயது. முன்பல் இரண்டும் இல்லை.

அவள் முறை வந்தபோது போத்தல் டக் என்னவில்லை.
முழங்காலிட்டு, எம்பி, தன் பத்தொன்பது கிலோவையும்
அதன்மேல் போட்டாள்.
இல்லை.
போன மாதம் படித்துறையில்
என் ஐம்பத்து மூன்று கிலோவும் போதாமல் போனதை
அவளிடம் சொல்லவில்லை.
நீ அமுக்க வேண்டாம், எண்ணு, என்றேன்.
அமுக்குகிற பெரியவர்கள் களைப்பார்கள், வேகம் விடுவார்கள்.
நீ விடாதே.
"எதுவர?"
வேன் வரும்வரை.

அப்போதுதான் பார்த்தேன், ஏழுமலையைக் காணோம்.

கோயில் வாசலில் தண்ணீர் சளசளத்தது.
லுங்கியைத் தொடைக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு
பதினைந்து பேர், இருபது பேர்,
ஒருவர் கையில் இன்னும் டீத்தம்ளர்.
யார்? யார் விழுந்தது? எங்கே?
நடுவில் சொட்டச் சொட்ட ஏழுமலை,
ஊ போத்தலைக் காட்டிக்கொண்டு.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
கடைக்கார கோ ஜமால் பொம்மையைப் பார்த்தார்,
பையனைப் பார்த்தார்,
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மண்டியிட்டார்.
எங்கே வைக்கணும் என்று பர்மியத்தில் கேட்டார்.
பூங்காவனம் அவர் கையைப் பிடித்து வைத்தாள்.

டக்.

சந்தனம் எண்ணினாள்.
ஒண்ணு ரெண்டு மூணு நாலு,
அவருக்குத் தெரியாத மொழியில்,
பல் இல்லாத இடத்தில் காற்று ஊத,
பத்து, மறுபடி ஒண்ணு.
அவர் களைத்ததும் இன்னொருவர், அப்புறம் டீத்தம்ளர்க்காரர்.

போதும் சந்தனம், என்றேன்.
"வேன் வரலயே" என்றாள்,
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்.