பழைய பாக்கி

பதினோரு வருஷம் கலைவிழா நடத்தியவள்.
மைக் டெஸ்டிங், சால்வை, தங்கும் அறை,
நிதி தந்தவர்களுக்கு அறிக்கை:
வந்தது நாற்பத்திரண்டு பேர்,
எழுதியது நூற்றைம்பது.

கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடக்கிறது.
ஆட்டோவில் அதே மைக்.
"உங்கள் வார்டு வேட்பாளர் ஜெபக்க..."
மீதியைச் சரக்கு ரயில் வாரிக்கொண்டு போகிறது.
பெட்டிகளை எண்ணுகிறாள், பழக்கதோஷம்.
ஐம்பத்தெட்டு.

அடிபம்பிலிருந்து ஒருத்தி
பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள்.
டீ நிறம்.
"இதுக்கு இன்னா விழா எடுப்பே?"

வாய் திறப்பதற்குள்
சாமியானா மஸ்தான் சைக்கிளை நிறுத்துகிறார்.
"ஓட்டு ஒனக்குத்தாம்மா, அதுல மாத்தமில்ல.
போன வருஷ நாடகத்துக்கு
எரநூறு சேர், இன்னும் பாக்கி நிக்குது."

இருநூறு.
காலியாய்க் கிடந்தவை எத்தனை என்று
ஜெபக்கனிக்கு மட்டும் தெரியும்.

கேட் திறக்கிறது.
பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள்.