ஒன்று தசம் மூன்று

பதினொன்றரைக்கு முதற்பக்கம் அச்சுக்குப் போகவேண்டும்.
இப்போது பத்து நாற்பத்தாறு.
கேத்தாராமையில் மழை.
பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு இன்னும் தொடங்கவில்லை.
என் கையில் எட்டுப் பத்தி வெறுமை,
ஆறிப்போன பிளேன்ரீ,
விஞ்ஞானப் பக்கத்தால் துரத்தப்பட்டு
என்னிடம் ஒதுங்கிய நாற்பது சொல்:

பூமி நேற்று
வழமையைவிட ஒன்று தசம் மூன்று மில்லி செக்கன்
முந்திச் சுற்றி முடித்ததாம்.
உள்ளே உருகிக் கிடக்கும் இரும்பாக இருக்கலாம்,
சந்திரன் நின்ற கோணமாக இருக்கலாம்,
ஒருவருக்கும் நிச்சயமில்லையாம்.

"இதை ஆர் வாசிப்பினம்?"
ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

தலைப்பு இரண்டு செய்து வைத்திருக்கிறேன்.
'சட்டமூலம் நிறைவேறியது.'
'சட்டமூலம் தோற்றது.'
ஒரே எழுத்துரு, ஒரே கறுப்பு.
ஒன்று விடியும்போது நாடாகிவிடும்.
மற்றது இந்தக் கணினிக்குள்
அழுவாரில்லாமல் செத்துப்போகும்.

தயாபரி அங்கிருந்து அழைக்கிறாள்.
மணி அடித்தபடியே இருக்கிறதாம்,
உறுப்பினர் ஒருவரைக் காணவில்லையாம்,
கன்ரீனிலும் தேடிவிட்டார்களாம்.
அடுத்த மேசையில் நிஸ்தார்
மழைக்கு முந்திய ரன் அவுட்டை
பன்னிரண்டாம் தரமாக ஓடவிடுகிறான்.
துடுப்பு கோட்டின் மேலே. கோட்டுக்குள் இல்லை.
மேலே, மேலே என்று
திரையில் விரலை வைத்துக் கத்துகிறான்,
மூன்றாம் நடுவருக்குக் கேட்கும் என்பதுபோல.

பதினொன்று பதினாலு.
பொரளை மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் விளம்பரம்,
காசு கட்டிய விளம்பரம்,
வந்து அமர்ந்தது.
பூமி எழும்பவேண்டியதாயிற்று.
நாற்பது சொல்லைப் பதினொன்றாக நறுக்கி
கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரத்துக்குக் கீழே
ஒருவருக்கும் சொல்லாமல் சொருகினேன்.

பதினொன்று முப்பத்தொன்று.
தயாபரி ஒரே ஒரு சொல் சொன்னாள்.
ஒரு தலைப்பை ஏற்றினேன்.

கிராண்ட்பாஸிலிருந்து வெள்ளவத்தைக்கு ஓட்டோ.
சாரதி ஹேண்டிலை
விரல் நுனிகளால் மட்டும் பிடித்திருந்தார்.
"தார்ப்பாய் இழுத்த கை மிஸ். கயிறு அறுத்திட்டு.
மழ நாள்ல ஸ்டேடியத்தில கூப்பிடுவாங்க.
நூறு பேர். முழு கிரவுண்டையும் மூடணும்."
ஜுனைதீன் என்று இருக்கைக்குப் பின்னால் எழுதியிருந்தது.
நான் மூன்று மணித்தியாலமாக
'ஆட்டம் மழையால் கைவிடப்பட்டது' என்ற வரியில்
கமா தேவையா என்று பார்த்திருந்தேன்.
அந்த வரிக்குள் நூறு பேர் இருந்ததைக் காணவில்லை.

வாக்கெடுப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை.
ரன் அவுட்டைக் கேட்டார். "அவுட்டா மிஸ்?"
"ஒரு மயிர் இடைவெளி."
பிறகு, ஏனோ, பூமியைச் சொன்னேன்.
நேற்றைய நாள் கொஞ்சம் கட்டையாம் என்று.

பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு.
குறுக்கே வர ஒரு வாகனமும் இல்லை,
என்றாலும் நின்றார்.
முப்பத்திரண்டு, முப்பத்தொன்று என்று
விளக்கு எண்ணிக்கொண்டிருந்தது.
கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று.
கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப நேத்து நாள்கூலியில
அதையும் வெட்டுவானா?"

பதினொரு சொல்லில் அது இல்லை.
முதலில் வந்த நாற்பதிலும்
இருக்கவில்லை.