முதல் ஓட்டம்

கஸ்தூரியார் வீதி, மாடியில் பந்தயக் கடை.
மூன்று நாற்பது ஓட்டத்துக்குத்
தாளில் ஒரு பொடி எழுத்துக் குறிப்பு:
மூச்சுக்குழல் சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் ஓட்டம்.

எல்லாரும் வாசித்துவிட்டார்கள்.
எட்டில் நின்ற விலை மூன்றுக்கு இறங்கிவிட்டது.

மரியதாஸ் அண்ணை மட்டும்
சேர்ட் பொத்தானைக் கழற்றி
நெஞ்சுத் தையலைத் தடவினார்.
"வெட்டுப்பட்டவனுக்குத் தெரியும், தம்பி.
முதல் மாசம் நான் கக்கூசுக்குப் போகவே இளைச்சனான்.
உது ஓடாது."
ஐந்நூறு ரூபாய், வேறொரு பெட்டைக்குதிரையில்.

அது ஓடியது.
அங்கே மழை, சேறு;
இங்கே மின்விசிறி.
இரண்டு உடல் நீளத்தில் வென்று
கமராவுக்குள் புகை புகையாய் மூச்சு விட்டது.

சீட்டைக் கிழிக்காமல் மடித்தார்.
இறங்கும்போது ஏழாம் படியில் நின்று,
"அதுக்கு என்ன வயசு போட்டிருக்கு?"

நாலு.

"அதையெல்லோ முதல்ல வாசிச்சிருக்கோணும்."