முப்பது டாலர்

வாரத்துக்கு ஐந்து நாள்
தைச்சுங் நகரில், பதினோராவது மாடியில்,
காதில் கறுப்புப் பஞ்சு மாட்டிக்கொண்டு
வங்கிக்காகத் திட்டு வாங்குவது என் வேலை.
"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."
ஒரு நாளைக்கு எழுபது முறை வருந்துகிறேன்.
எழுபதில் ஒன்றுகூட என்னுடையதல்ல.

சனிக்கிழமை விடிகாலை
குவான்யின் கோயிலின் தியானக் கூடம்.
முதுகை நிமிர்த்தி, இமையைத் தாழ்த்தி
மூச்சை எண்ணத் தொடங்குவேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது மூச்சில் யாரோ
"மேலாளரைக் கூப்பிடு" என்பார்.
நான்காவதில்
அன்று வாயில் வராத பதிலை
அழகாகச் சொல்லிக்கொண்டிருப்பேன் நான்.
மணி அடித்துக் கண் திறந்தால்
பக்கத்து மெத்தையில் பாய் யூ-ஷான்
நிமிர்ந்து உட்கார்ந்தபடியே குறட்டை விடுகிறாள்.
அவளுக்கும் ஞானம் வரவில்லை என்பதில்
எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

பிறகு கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
ஊர் குடித்து எறிந்த பாட்டில்கள்
மூட்டை மூட்டையாய் வந்து குவியும் இடம்.
விற்ற காசில்
மலையூர்ப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு.

மூடியைத் திருகு.
இனிப்புத் தேநீரின் மிச்சத்தை ஊற்று.
எறும்பு இருந்தால் பாட்டிலைச் சாய்த்து வைத்து
அது இறங்கும்வரை பொறு.
லேபிளை உரி.
கடைசியில் கழுத்தில் நிற்கும் அந்த வளையம்,
மூடி போன பின்னும் போகாத
ஒரு பிளாஸ்டிக் பிடிவாதம்.
கத்தரிதான் அதற்கு மருந்து.
உள்ளே ஒரு சொட்டும் இல்லை,
இன்னும் எதைக் காக்கிறாய் என்று கேட்டுவிட்டு
நறுக்குவேன்.
"டிக்" என்று மட்டும் சொல்லும்.

அன்றைக்குக் கடலில் எங்கோ புயல்.
தகரத்தில் மழை கொட்டி
யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை.
சட்டென்று அது ஓய்ந்த இடைவெளியில்
என் இடப்பக்கமிருந்து,
"தங்கச்சி, அந்தக் கத்தரியைக் கொஞ்சம்..."

கை நின்றுவிட்டது.

முகம் தெரியாது.
என் வேலையில் முகங்களைக் கொடுப்பதில்லை.
ஆனால் இந்தக் குரலின் மூலை முடுக்கெல்லாம் தெரியும்.
"கொஞ்சம்" என்பதில் விழும் கரகரப்பு.
வாக்கியம் முடிந்ததும் மூக்கால் விடும் காற்று.
செவ்வாய்க்கிழமை, மாலை நாலு பத்து.
தாமதக் கட்டணம் முப்பது டாலர்.
இருபத்திரண்டு நிமிடம்.
என்னை நாய் என்றது,
என்னைப் பெற்றவளையும் விடவில்லை.
பிறகு கழிப்பறையில் நான் இருந்தது ஏழு நிமிடம்.
அதையும் வங்கி குறித்துக்கொண்டது.

இங்கே அந்தக் குரல்
நீல மழைக்கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.
கட்டைவிரலில் பிளாஸ்திரி.
சட்டைப்பையில் குத்திய அட்டையில் கோங் ருய்-பின்.
முழங்காலருகே சாய்த்து வைத்த ஒரு பாட்டில்,
அதன் வாயில்
கடைசி எறும்பு இன்னும் யோசித்துக்கொண்டிருக்க
அவர் பொறுத்திருக்கிறார்.

நாலு நாளாய் மூச்சுக்கு மூச்சு
மெருகேற்றிய பதில்
நாக்கு நுனிக்கு வந்தது.
என்ன பளபளப்பு அதற்கு!
வீணாய்ப் போகிறதே என்றுகூடத் தோன்றியது.
நான் பெருந்தன்மைக்காரி அல்ல.
ஒரு மூச்சு வந்தது, அவ்வளவுதான்,
எண்ணாமலே வந்தது.
அது போய்ச் சேருவதற்குள்
என் விரல்கள் கூர்முனையைத் தம் பக்கம் திருப்பி
கைப்பிடியை அவரிடம் நீட்டிவிட்டன.

"நன்றி," என்றார்.
அதே மூக்குக் காற்று.
மறுபடி மழை பிடித்துக்கொண்டது.
மதியம் வரை இரண்டு பேரும்
ஒரே கத்தரியால் நறுக்கினோம்.
அவர் எதற்காக இங்கே வருகிறார் என்று
நான் கேட்கவில்லை.
என் வேலை என்ன என்று
அவரும் கேட்கவில்லை, நல்ல காலம்.

திங்கட்கிழமை முதல் அழைப்பு
ஒரு பெண். எடுத்ததுமே கத்துகிறாள்.
அவளுக்குப் பின்னால் எங்கோ
ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது.
கேட்கிறேன்.
குழாயையும் சேர்த்துக் கேட்கிறேன்.
அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது
"வருந்துகிறேன்" என்றேன்.

அது என்னுடையது.
மற்ற அறுபத்தொன்பதும்
வழக்கம்போல் வங்கியுடையதுதான்.